வானத்தைப் புடைத்த வெள்ளிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பிறகு பேத்தி அதை வாங்கி, நான் வாய்க்கு வந்தபடி சொன்னதை அச்சுத் தமிழாக மாற்றித் தருகிறாள். நாங்கள் பேசிக்கொண்ட இடங்களில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பேச்சைத் திருத்தினால் உப்பில்லாத ரசம் மாதிரி ஆகிவிடும்.

பேத்தி என்றால் என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் ராசா என்கிற ஊரில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். இவள் சின்னதிலிருந்து பள்ளிக்கூட லீவு என்றால் தம்பின் டவுன் பக்கம் இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்து என்னோடுதான் இருப்பாள். பிறகு படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே ஐரோப்பா வரைக்கும் போய்விட்டாள். அங்கே அவளுக்கு ஒரு வேலை. அது என்ன வேலை என்று பாசாரில், அதான் சந்தையில், யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "வானத்துல வேலை" என்பேன். பிளேனில் சாப்பாடு கொடுக்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் விட்டுவிடுவேன், அதுவும் நல்ல வேலைதானே.

போன வருஷம் அவள் லீவில் வந்திருந்தபோதுதான் எனக்கே புரிந்தது. புரியவைக்கக் காரணம் என் நாத்தனார். இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை, பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது இரண்டு சடை போட்டுக்கொண்டு என் புடவையைப் பிடித்து இழுத்தவள். இன்றைக்கு அறுபது ஆகியும் மோட்டர் சைக்கிள் ஓட்டுகிறாள். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் அவள் ஓட்டுகிற வேகத்துக்கு, பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒரு காலையில் மூன்று பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தோம். நாத்தனார் ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. ஒனக்கு என்னதான் வேல? ஒங்க பாட்டி ஊரெல்லாம் வானம் வானம்னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

"காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி, சின்னப் பாட்டி."

"சரி, இப்ப எங்களுக்குச் சொல்லு."

பேத்தி சிரித்தாள். "எங்கேயோ நட்சத்திரம் வெடிக்குதுல்ல, அதுல இருந்து தூள் பறந்து வருது. கண்ணுக்கே தெரியாத தூள். பயங்கர வேகம். அந்தத் தூள்ல என்னென்ன கலந்திருக்கு, எது எவ்வளவு இருக்குன்னு கணக்கு எடுக்கிறதுதான் என் வேலை."

"அத இங்கேருந்து எடுக்க வேண்டியதுதானே லா?"

"இங்கேருந்து பாத்தா முழுசாத் தெரியாது. சூரியன் எப்பவும் காத்து ஊதிக்கிட்டே இருக்கு. அந்தக் காத்து நம்மளச் சுத்தி ஒரு பெரிய பலூன் மாதிரி நிக்குது. வெளியேருந்து கொஞ்சம் மெதுவா வர்ற தூள உள்ள விடாது, தள்ளி விட்டுரும். வேகமா வர்றது மட்டும்தான் நம்மகிட்ட வந்து சேரும்."

நாத்தனார் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டாள். "கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டு வெளிய எத்தன கொசு இருக்குன்னு எண்ணுற மாதிரி."

பேத்தி எழுந்து போய் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டாள். "அதேதான் சின்னப் பாட்டி! வலைக்கு வெளிய போய்ப் பாத்தாத்தான் உண்மை தெரியும். ரொம்ப வருஷம் முன்னாடி அனுப்பின ஒரு விண்கலம் அந்த வலையத் தாண்டி வெளிய போயிருச்சு. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற வெட்டவெளியில ஓடிக்கிட்டு இருக்கு. அது எண்ணி அனுப்புறதத்தான் நாங்க படிக்கிறோம்."

அன்று முழுக்க நாத்தனாரைப் பிடிக்க முடியவில்லை. என் பேத்தி, என் வானம், பெயர் மட்டும் இவளுக்கா! நானும் ஏதாவது கேட்க வேண்டும் என்று யோசித்து, அந்தக் கலம் எப்போது கிளம்பியது என்று கேட்டேன். பேத்தி சொன்ன வருஷத்தைக் கணக்குப் பார்த்தால், நான் கல்யாணமாகி வந்த புதிது. அப்போது இங்கே செம்பனை கிடையாது, எல்லாம் ரப்பர் பால்மரம். விடியும் முன்னால் மரம் சீவப் போவேன். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கொசுக்கடியில் நடந்த அதே நாட்களில் அது பூமியை விட்டுக் கிளம்பியிருக்கிறது. நான் ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, உதிர்ந்த பழம் பொறுக்கி, முட்டி தேய்ந்து உட்கார்ந்தும் விட்டேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோ கூடப் பிறந்தவள் ஒருத்தி இருப்பது போலச் சந்தோஷமாகிவிட்டது.

"அது சரி, கண்ணுக்கே தெரியலங்கிற. பொறவு இது இன்னதுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கும்?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ள மெல்லிசா தகடு தகடா அடுக்கி வச்சிருக்கு பாட்டி. தூள் ஒவ்வொரு தகடாத் தொளைச்சிக்கிட்டுப் போகும். போகப் போக வேகம் கொறைஞ்சு ஒரு தகட்டுல நின்னுரும். ஒவ்வொரு தகட்டுலயும் எவ்வளவு தடம் விட்டுச்சு, எதுல போய் நின்னுச்சுன்னு பாப்போம். மழை பெஞ்ச சேத்துல யாரோ நடந்து போன மாதிரி. சின்னதா இருந்தா லேசாப் பதியும். பெருசா இருந்தா ஆழமாப் பதியும்."

"அப்பன்னா அண்ணி நடந்து போனா ஒடனே தெரிஞ்சிரும்," என்றாள் நாத்தனார். "தடம் இருக்காது, கொளம் இருக்கும்."

"போடி, ஒன்னைய மோட்டர்லேருந்து எறக்கி நடக்க விட்டாத்தானே ஒன் தடம் தெரியும்!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாலும் பேத்தி அந்த லீவில் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று அப்புறம்தான் சொன்னாள். அவளுடைய வேலைக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்தக் கலத்துக்கு மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறதாம். நாம் வீட்டை விட்டுப் போகும்போது ஒவ்வொரு அறையாக விளக்கை அணைப்பது போல, அங்கே ஒவ்வொரு கருவியாக நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். ஆனால் இத்தனை வருஷம் அது எண்ணி அனுப்பியது மலை மாதிரி கிடக்கிறது, உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. அது கிடைத்தால் இவள் காஸ்மிக் கதிரோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட வேண்டியதுதான்.

"பேங்கு வேலையும் நல்ல வேலதானே," என்று சும்மா ஆறுதலுக்குச் சொன்னேன்.

"நல்ல வேலைதான் பாட்டி," என்றாள். முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்பில் இண்டர்வியூ. எங்கள் வீட்டில் அடுப்படியில்தான் லைன் நன்றாகக் கிடைக்கும், அதனால் அங்கே உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. கேள்வி கேட்கிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முதலில் தன் வேலையை, ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சொல்வது போல, கையில் இருக்கிற ஏதாவது பொருளை வைத்துச் சொல்லிக் காட்ட வேண்டும், படம் கிடம் போடக் கூடாது. அதற்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், "அன்னிக்குப் பாருங்க" என்று கண்ணைச் சிமிட்டினாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொண்டே இருந்தாள். அடுப்படித் தராசு இரண்டு நாளாகக் காணவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப் நிற்க வைக்கிற தாங்கி ஒன்று வாங்கவேண்டும் என்று தம்பினுக்குப் பஸ் பிடித்துப் போனாள். நாத்தனார் வழக்கம் போல என் அடுப்படிக்குள் நுழைந்தாள். அவளுக்குக் கண் முதுகிலும் இருக்கும்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க."

மேசை மேல் என் பெரிய முறம், அதன் மேல் பேப்பர் மூடியிருந்தது. பேப்பரைத் தூக்கினால், அடக் கடவுளே! முறம் நிறைய அரிசி, அதோடு பச்சைப்பயறு கலந்து கிடக்கிறது. அங்கங்கே கொண்டைக்கடலை. கடலையை உடைத்த பாதி, துண்டு. இரண்டொரு புளியங்கொட்டை வேறு.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தோம்.

"டின்னுங்களத் தட்டி விட்டுட்டா," என்று நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை, ஆனாலும் தாழ்த்தினாள். "பாவம், இண்டர்வியூ பயத்துல கையி நடுங்கியிருக்கும். எல்லாத்தையும் வாரி மொறத்துல போட்டு, நீங்க ஏசுவீங்கன்னு மூடி வச்சிட்டுப் போயிட்டா."

"நான் ஏன்டி ஏசப் போறேன்?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தாலே ஏசுற மாதிரிதானே இருக்கு."

"சரி, அவ வர்றதுக்குள்ள பொடச்சி எடுத்து வச்சிருவோம். கேட்டா ஒண்ணும் சொல்லாத. புள்ள வெக்கப்படும்."

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் எங்களுக்கு! இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்தோம். நான் முறத்தை எடுத்துப் புடைக்க, அவள் பொறுக்கினாள். அந்தக் காலையில் நாங்கள் பேசாத பேச்சு இல்லை. என் வீட்டுக்காரர் கல்யாணத்தன்று பசியாறாமல் மயங்கி விழுந்ததிலிருந்து, பின்வரிசை வீட்டுக்காரி மருமகளுக்கு வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷின் வரைக்கும் எல்லாம் பேசியாகிவிட்டது. அரிசி தனியாக வந்தது. பச்சைப்பயறு தனியாக வந்தது. முழுக் கடலையைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்தாள் நாத்தனார், வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குச் சுண்டல் எங்கள் முறை. டின்னில் இருந்த கடலையையும் அதோடு கொட்டிவிட்டாள். உடைந்ததையும் நொய்யையும் கோழிக்கு வீசினோம். நாங்கள் முறத்தை எடுத்தபோதே வந்து நின்ற கோழிகள். புளியங்கொட்டையை வேலிப் பக்கம் எறிந்தேன். அந்த அரிசியையே உலையில் போட்டேன். பயறு கொஞ்சம்தான் இருந்தது, டின்னில் இருந்ததையும் சேர்த்துக் கடைந்து வைத்தேன். ஒரு மணி, ஒரு தூசி கூட மிச்சமில்லாமல் முறத்தைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டோம்.

பேத்தி வெயிலில் வந்தாள். பசி என்றாள். உட்கார வைத்துப் பரிமாறினோம். அந்த லீவிலேயே முதல்முறையாக இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

"பயறு கடைஞ்சது செமையா இருக்கு பாட்டி."

நாத்தனார் என் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். நானும் திரும்ப மிதித்தேன். இரகசியம் வைத்திருப்பது எவ்வளவு இனிப்பான காரியம்!

கை கழுவிவிட்டு வந்தவள் மேசையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த முறத்தைப் பார்த்தாள்.

"பாட்டி, இதுல ஒண்ணு இருந்துச்சே?"

"ஒண்ணும் இல்லையே," என்றேன்.

"பாட்டி."

"அய்யோ, பரவாயில்ல விடும்மா," என்று நாத்தனாரால் அடக்க முடியவில்லை. "டின்னு தட்டிவிடுறது யாருக்குத்தான் நடக்காது? நாங்க சுத்தமாப் பொடச்சி எடுத்துட்டோம். அண்ணி ஏசவே இல்ல."

பேத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அரிசி எங்க?"

"இப்பச் சாப்டியே."

"பயறு?"

"செமையா இருக்குன்னு சொன்னியே லா."

"கொண்டக்கடலை?"

"ஊறுது."

"உடைச்சு வச்சிருந்தேனே, பாதிப் பாதியா, சின்னச் சின்னத் துண்டா..."

நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். கோழிகள் பப்பாளி மரத்தடியில் வயிறு முட்டப் படுத்திருந்தன.

"அலமாக்," என்றாள் பேத்தி. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள். "அதுதான் பாட்டி வானம். நிறுத்து நிறுத்து, எண்ணி எண்ணி, அங்க எப்படி இருக்கோ அதே கணக்குல கலந்து வச்சிருந்தேன். நூத்துக்குத் தொண்ணூறுகிட்ட அரிசி, அதான் ஹைட்ரஜன். பயறு ஹீலியம். மத்ததெல்லாம் சேந்து கொஞ்சமே கொஞ்சம். கடலை கார்பன். புளியங்கொட்டை இரும்பு. அவங்க முன்னாடி மொறத்த ஆட்டிக் காட்டலாம்னு இருந்தேன்."

அடுப்படி மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. ஒரே ஒரு இடம், பேத்தியின் ஒரே ஒரு இடம், அதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து புடைத்துத் தள்ளியிருக்கிறோம்.

"அப்ப நீ மத்தியானம் சாப்பிட்டது..." என்று நாத்தனார் இழுத்தாள்.

"ஹைட்ரஜன் சின்னப் பாட்டி. ஹீலியத்தக் கடைஞ்சு ஊத்தி."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீரும் வந்தது. அது சிரிப்புத் தண்ணீரா வேறா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாத்தனார் அதற்குள் மோட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

"அரிசி இங்கயே இருக்கு, பயறு எங்க வீட்டுல இருக்கு. நான் போயி ஊறாத நல்ல கடலையாக் கொண்டாறேன். கோழிய வேணும்னா புடிச்சிக் கட்டி வைங்க."

"கோழிய எதுக்குடி?"

"தெரியல. சும்மா விடக் கூடாது லா."

தோட்டத்துக் கடைக்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருப்பார், மூன்று மணிக்கு முன்னால் திறக்க மாட்டார். தம்பினுக்குப் போய்த் திரும்ப நேரம் பற்றாது. வீடு வீடாகக் கேட்டு வருகிறேன் என்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனாள். நாங்கள் காத்திருந்தோம். பேத்தி முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, தலை சீவினாள். மணி மூன்று. நாத்தனார் வரவில்லை.

லேப்டாப்பில் மூன்று முகம் வந்தது. நரைத்த முடியோடு ஒரு அம்மா, தாடி வைத்த ஒருவர், கண்ணாடி போட்ட இன்னொருவர். அவர்களுக்கு அப்போதுதான் காலை, எல்லார் கையிலும் காப்பி. கண்ணாடிக்காரருக்குப் பின்னால் ஒரு பூனை ஜன்னலோரம் படுத்திருந்தது. நான் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றேன். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்கு அப்போது புரிந்தது பாதி, பேத்தி அப்புறம் சொன்னது பாதி.

காட்டுவதற்கு என்ன கொண்டுவந்தாய் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். பேத்தி ஆணியிலிருந்து முறத்தை எடுத்துக் காட்டினாள், வெறும் முறம். நேற்றுவரை இதில் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற வெளி இருந்தது, காலையில் என் பாட்டிகள் இரண்டு பேரும் சுத்தம் செய்துவிட்டார்கள், ஹைட்ரஜனை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டேன் என்றாள்.

தாடிக்காரர் காப்பியைத் துப்பிவிட்டார். நான் கதவிடுக்கு வழியாக என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நரைமுடி அம்மா சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அது சாதாரணக் கேள்வியில்லை என்று பேத்தியின் முதுகு நிமிர்ந்ததிலேயே தெரிந்தது. போனதில் எது போனது உனக்கு ரொம்ப வருத்தம் என்று கேட்டாராம். இவள் யோசிக்கவே இல்லை. உடைந்த துண்டுகள் என்றாள். ஏனென்றால் அந்தச் சின்னத் துண்டுகளை நட்சத்திரங்கள் அதிகம் செய்வதில்லை. பெரிய துகள்கள் வருகிற வழியில் எதிலாவது மோதி உடைந்து உண்டானவை அவை. போரான் என்று ஒன்று, அப்படி இன்னும் சில. முழுக் கடலைக்கு எத்தனை துண்டு என்று பார்த்தால், அது எவ்வளவு தூரம் எதையெல்லாம் கடந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு காலம் சுற்றியது என்று கூட. பாட்டிகள் குப்பை என்று எறிந்ததில்தான் பயணம் முழுக்க இருந்தது என்றாள்.

அந்த நேரம் பார்த்து மோட்டர் சத்தம். பின்வாசலில் வண்டி நின்றது. செருப்பைக் கூடக் கழற்றாமல், ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நாத்தனார் அடுப்படிக்குள் பாய்ந்தாள்.

"கார்பன் கெடச்சிருச்சு!"

மூன்று முகமும் திரையில் அப்படியே நின்றது. பூனை எழுந்து உட்கார்ந்தது.

"உஸ்ஸ்ஸ்!" என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். உஸ் என்பதை அவ்வளவு உரக்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"வறுத்த கடல அண்ணி, மஞ்சத்தூளு போட்டது. அதான் இருந்துச்சு," என்று அவள் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் நரைமுடி அம்மா என்னவோ கேட்க, இவள் எங்களைப் பார்த்துத் திரும்பி, "ரெண்டு பேரும் வாங்க. ஒங்களப் பாக்கணுமாம்," என்றாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். நாத்தனாருக்கு ஹெல்மெட் கழற்ற ஞாபகமில்லை.

அந்த அம்மா கேட்டதைப் பேத்தி தமிழில் சொன்னாள். "பாட்டி, நீங்க பொடைக்கிறப்ப எது கை தவறிப் போகும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது வெளயாட்டு இல்ல."

"சின்னத் துண்டு கொஞ்சம் அரிசியோட போயிருக்கும்," என்றேன். "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"முன்னயும் இல்ல," என்றாள் நாத்தனார். "இவங்க சோத்துல நான் எத்தன கல்லு கடிச்சிருக்கேன் தெரியுமா!"

"கல்லக் கடிச்சும் ஒன் பல்லுல ஒண்ணு கூட ஒடையலையேடி!"

பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையெல்லாம் அவர்களுக்கு மாற்றிச் சொன்னாள். சண்டையையும் சேர்த்துச் சொன்னாளா தெரியவில்லை, தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இவள் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். கலத்தில் இருக்கிற கருவியும் இப்படித்தானாம், சிலதை விட்டுவிடும், சிலதை இன்னொன்று என்று எண்ணிவிடும். அது எதை எவ்வளவு தவறவிடும் என்று தெரிந்துகொண்டு, பானையில் மிஞ்சியதிலிருந்து முறத்தில் முதலில் என்ன இருந்தது என்று திரும்பக் கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்றாள். அப்புறம் எங்களுக்குப் புரியாத கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை, கை இரண்டும் காற்றில் பறந்துகொண்டிருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது மழையில் ஓடி வந்து எதையாவது சொல்லுவாளே, அந்த வேகம்.

முடியப் போகிற நேரத்தில் நாத்தனார் பொறுக்கமாட்டாமல், "புள்ளைக்கு வேல உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லச் சொல்லும்மா," என்றாள்.

"சின்னப் பாட்டி!"

"கேட்டா என்ன? மூஞ்சியப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது."

பேத்தி அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் போனைப் பார்ப்பதும் நாங்கள் அவளைப் பார்ப்பதுமாகப் போனது. கோலாலம்பூர் பேங்கிலிருந்து வேறு ஆள் கூப்பிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டார்கள். இந்த வாரம் முடிந்ததும் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள். நாங்கள் பின்வாசலில் எது பேசினாலும் பாதியில் நின்றுவிடும். நான் எதையும் புடைக்கவில்லை. அரிசியைக் கூட ஒருமுறை அவளைக் கேட்டுவிட்டுத்தான் அளந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை நாத்தனாரும் நானும் தம்பின் பாசாருக்குப் போயிருந்தோம். மீன்காரர் மலாய்க்காரர், ரொம்ப வருஷப் பழக்கம். கெம்போங் மீன் எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. எனக்குப் பச்சையை எங்கே அழுத்துவது என்று தெரியும், அன்றைக்கு அவசரத்தில் இரண்டு தடவை சிவப்பை அழுத்திவிட்டேன். மூன்றாவது தடவை நாத்தனார் பிடுங்கி அழுத்தி என் காதில் வைத்தாள்.

"பாட்டி," என்றாள் பேத்தி. அதோடு நின்றுவிட்டாள்.

"சொல்லித் தொலையேன்!"

"கெடச்சிருச்சு பாட்டி. இப்பதான் மெயில் வந்துச்சு. என்னையத்தான் எடுத்திருக்காங்க."

நான் போட்ட சத்தத்தில் மீன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். கெனாப்பா, கெனாப்பா என்று கேட்டார், என்ன ஆச்சு என்று. சூச்சு சாயா டப்பாட் கெர்ஜா, என் பேத்திக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வாய் வந்ததே தவிர, என்ன வேலை என்று மலாயில் சொல்ல வரவில்லை. விரலை மேலே தூக்கிக் காட்டினேன். அவர் பாசாரின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் மேல லா," என்றாள் நாத்தனார். "அத்தாஸ் லாகி! அத்தாஸ் லாகி! சூரியன் காத்தத் தாண்டி!"

அவரும் பக்கத்துக் கோழிக்கடைச் சீனத்தியும் இன்னும் மேலே பார்த்தார்கள். நாத்தனார் அதற்குள் காய்கறி வரிசைக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளை, வலைக்கு வெளியே, நட்சத்திரத் தூள் எண்ணுகிற வேலை என்று ஒவ்வொரு கடையாக நின்று சொல்லிக்கொண்டு போகிறாள். தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் ஓ என்று கூவுகிறார்கள். முருங்கைக்காய் விற்கிற அம்மா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டார்.

"பாட்டி, அங்க என்ன சத்தம்? எங்க இருக்கீங்க?" என்று போனுக்குள்ளிருந்து பேத்தி கேட்டாள்.

போனைத் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கிப் பிடித்தேன், அவளே கேட்டுக்கொள்ளட்டும் என்று.